ஏழாம் வார்டில் நான் நேர்ஸாக இருந்த இரண்டு கிழமை

1. பச்சைக் கோட்டுத் தாள்

"குணா, நீர் ஒரு நேர்ஸோ?"

வெள்ளிக்கிழமை காலை. என் மேசைக்கு முன்னால் மார்கரெட் நின்றார். ஆக்லாந்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் சம்பளப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அங்கே புதுச் சம்பள சிஸ்டம் போடுகிற வேலைக்கு வந்திருந்த கொன்ட்ராக்டர் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவர் பேசியது இங்கிலிஷ். என் காதுக்குள் அது எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இல்லை" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லும்."

யோசித்தேன். ரத்தத்தைக் கண்டால் கதிரையைத் தேடுகிற ஆள் நான். "இல்லை" என்று மறுபடி சொன்னேன். இந்த முறை குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

"அப்ப ஏழாம் வார்ட் சார்ஜ் நேர்ஸுக்கு நான் என்ன சொல்லுறது? குணரத்தினம் எண்டு ஒரு நைட் நேர்ஸ் தன்ரை லிஸ்டிலை இருக்கிறாராம். பத்து இரவும் வேலைக்கு வரேல்லையாம். ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு கேக்கிறா. பாவம், கவலைப்படுறா."

கையிலிருந்த பச்சைக் கோட்டுக் கொம்பியூட்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். என் பெயர். என் வங்கிக் கணக்கு நம்பர். இரண்டு கிழமைச் சம்பளம், கழிவுகள் போக ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு டாலர். புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் காசு வந்தது எனக்குத் தெரியும். முதல் நாள் ஏடிஎம்மில் பார்த்திருந்தேன். என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிதான் போட்டது என்று நினைத்து, அவர்களுக்கு ஃபோன் பண்ணி, அவர்களின் ஆன்சரிங் மெஷினில் நன்றிகூடச் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் கேசரியும் கிண்டித் தின்றாகிவிட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. குணரத்தினம் என்ற நேர்ஸை அந்த ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தவன் நானேதான்.

நான் வேலை பழகிய நாட்டில், அரசாங்கக் காசு ஓர் உத்தியோகத்தனின் கணக்குக்குள் இப்படி வந்து விழுந்தால் முதலில் இன்டர்டிக்ட் பண்ணி, அதாவது வேலையை நிறுத்தி வைத்து, வீட்டுக்கு அனுப்புவார்கள். விசாரணை பிறகு, சில வருஷம் கழித்து. இங்கே என்ன முறை என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வேலைக்காக எட்டு மாதம் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்கியிருந்தேன். திரும்பவும் அந்தப் பெட்டிகள் என் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன.

மார்கரெட் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "திங்கட்கிழமை பத்து மணிக்குக் கணக்குப் பரிசோதிக்கிற ஒடிட்காரர் வருவார். அதுக்குள்ளை எனக்கு விளங்கிறமாதிரி ஒரு கதை சொல்லும். உண்மையெண்டால் இன்னும் நல்லம்."

உண்மையைச் சொல்வதில் ஒரு கஷ்டம் இருந்தது. அது எனக்கே முழுதாக விளங்கியிருக்கவில்லை. அதற்கு ஐந்து மாதம் பின்னுக்குப் போக வேண்டும்.

2. நாட்கூலி

கொழும்பில் ஒரு திணைக்களத்தின் சம்பளப் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான். அங்கே மனிதர்கள் இரண்டு வகை. ஒன்று பெர்மனன்ட் அன்ட் பென்ஷனபிள். மற்றது நாட்கூலி: புல்லு வெட்டுகிறவர், தண்ணீர் காவுகிறவர், பெருநாளுக்கு முதல் நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவர். என் மாமனார் இளைப்பாறிய தபாலதிபர். பெண் தருவதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி, "தம்பி பெர்மனன்டோ?" என்பதுதான். ஆக்லாந்துக்கு வந்த பிறகும் ஒவ்வொரு ஏரோகிராமின் அடியிலும் அதே கேள்வி வந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்டவனிடம் ஏஜென்சியிலிருந்து டெபி என்ற பெண் ஃபோனில் கேட்டார்: "உங்கட டே ரேட் என்ன?"

என்னைப் புல்லு வெட்டக் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்தேன்.

"மாதச் சம்பளம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை, இது கொன்ட்ராக்ட். நாளுக்கு எவ்வளவு வேணும் எண்டு சொல்லுங்கோ."

அந்தக் கிழமைப் பேப்பரில் இதே மாதிரியான ஒரு நிரந்தர வேலைக்கு விளம்பரம் வந்திருந்தது. வருஷம் முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு டாலர். பேப்பர் கையிலேயே இருந்தது. முந்நூற்று அறுபத்தைந்தால் பிரித்தேன். சரியாக நூறு. மிச்சமில்லாமல் பிரிகிற கணக்கு பிழைக்காது என்பது சம்பளப் பிரிவுக்காரர்களின் மூடநம்பிக்கை. எங்கள் திணைக்களத்தில் சம்பளமில்லா லீவுக்குக் கழிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் பிரிப்போம். ஞாயிற்றுக்கிழமைக்கு டெபி காசு தரமாட்டார் என்ற சின்ன விஷயம் மூளைக்கு எட்டவில்லை.

"நூறு டாலர்" என்றேன், கொஞ்சம் கூடக் கேட்டுவிட்டேனோ என்ற பயத்தோடு.

மறுபக்கத்தில் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு டெபி மெதுவாகச் சொன்னார்: "ஒரு நூற்றறுபது போடுவமா?"

மூன்று தரம் தாங்க்யூ சொன்னேன். நூற்றறுபதை ஐந்தால் பெருக்கி, ஐம்பத்திரண்டால் பெருக்கினேன். நாற்பத்தோராயிரத்து அறுநூறு! விளம்பரத்திலிருந்த நிரந்தரக்காரனை விட ஐயாயிரம் கூட. நாட்கூலி என்ற அவமானத்தை அந்த ஐயாயிரத்தால் மூடிக்கொண்டேன். மனைவி ரஞ்சினியிடம், "ஆஸ்பத்திரியிலை வேலை, நல்ல சம்பளம்" என்று மட்டும் சொன்னேன். பெர்மனன்டோ என்று அவள் கேட்டாள். "ஓம், அப்பிடித்தான்" என்றேன். பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் நாங்கள் வழக்கமாகப் போய் நிற்கிற இடம் அது.

3. மூன்று விலை உள்ள மனிதன்

முதல் காசு வந்தது. பத்து நாள் வேலைக்கு ஆயிரத்து அறுநூறு. ஒரு சதம் கழிக்கப்படவில்லை.

கழிவில்லாத சம்பளத்தை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. உடுப்பில்லாமல் தெருவில் நிற்கிற ஆளைக் கண்டது போல இருந்தது. ஒன்பது வருஷம் ஊர்க்காரர் எல்லாரிடமும், சம்பளம் கைக்குப் போக முன்னமே பிடிக்கிற பி.ஏ.வை.ஈ. வரியைக் கழித்தவன் நான். இப்போதும் பகல் முழுக்க மூவாயிரம் ஆஸ்பத்திரி ஆட்களுக்கு அதே வரியைக் கழிக்கத்தான் கொம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடையதை யாரும் கழிக்கவில்லை.

பக்கத்து மேசையில் வெங்கட் என்ற சென்னைப் பொடியன் இருந்தார். பழைய சிஸ்டத்திலிருந்து புதுசுக்கு ஆட்களின் விபரங்களை மாற்றுவது அவர் வேலை. அவரும் கொன்ட்ராக்டர்தான். ஆனால் என்னைவிடப் பத்து வயது குறைவு, பத்து மடங்கு தெளிவு.

"தம்பி, என்ரை வரியைக் கழிக்க மறந்து போனாங்கள் போலை கிடக்கு" என்றேன்.

"மறக்கல சார். நீங்க கான்ட்ராக்டர். உங்களுக்கு எம்ப்ளாயரே நீங்கதான்."

"அப்ப என்ரை வரியை ஆர் கழிக்கிறது?"

"நீங்கதான்."

"ஆரிட்டை இருந்து?"

"உங்ககிட்ட இருந்துதான் சார்!" வெங்கட் கதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். "வருஷம் முடிஞ்சதும் இன்கம் டாக்ஸ் பில் மொத்தமா வரும். அப்புறம் ஏ.சி.சி. பில் தனியா வரும். அதான், விபத்து ஆச்சுன்னா காசு தர்ற இன்ஷூரன்ஸ். இங்க நர்ஸுங்களுக்கு எம்ப்ளாயர் பங்கை ஆஸ்பத்திரி கட்டிடும். உங்களுக்கு ரெண்டு பங்கும் உங்க தலையில. சரி, ஜி.எஸ்.டி. போட்டீங்களா?"

"அது கடைக்காரர் போடுறதெல்லோ?"

"சார், வருஷத்துக்கு முப்பதாயிரம் தாண்டினா நீங்களும் கடைதான். பன்னிரண்டரை பர்சன்ட். நூத்தியறுபதுன்னா இன்வாய்ஸ்ல நூத்தியெண்பது போடணும். மேல வர்ற இருபது உங்க காசு இல்ல, கவர்மென்ட் காசு. தொட்டுடாதீங்க."

அன்று முழுக்க எனக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரி என் ஒரு நாளுக்கு டெபியின் ஏஜென்சிக்கு இருநூற்றுக்கு மேல் கட்டுகிறது. டெபி எனக்கு நூற்றெண்பது அனுப்புவார். அதில் நூற்றறுபதுதான் என்னுடையது. அந்த நூற்றறுபதிலும் எவ்வளவு என்னுடையது என்பது அடுத்த வருஷம் தபாலில் வரும். எனக்கு மூன்று விலை, ஆனால் உண்மை விலை எதுவென்று எனக்கே தெரியாது. சந்தையில் மீனுக்குக்கூட இப்படி ஒரு நிலைமை வருவதில்லை.

4. நானே எனக்குப் போட்ட சம்பளம்

பயந்தவன் பழகிய தொழிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வான். நானும் ஓடினேன்.

புதுச் சம்பள சிஸ்டத்தில் டெஸ்ட் பகுதி என்று ஒன்று இருந்தது. பொய் ஆட்களை வைத்துப் பரீட்சை பார்க்கிற இடம். அதற்குள் என்னையும் ஒரு ஆளாகப் போட்டுப் பார்த்தால், என் சம்பளத்தில் எவ்வளவு வரி கழியும் என்று மெஷினே சொல்லுமே?

பிரச்சினை என்னவென்றால், அப்போது முழுதாக வேலை செய்த ஒரே உத்தியோக மாதிரி, ஏழாம் வார்ட் நைட் நேர்ஸ் மட்டும்தான். மற்ற உத்தியோகங்கள் எல்லாம் பாதியில் கிடந்தன. ஆகவே நேர்ஸ் ஆனேன். மணித்தியாலத்துக்கு இருபது டாலர் என்று போட்டேன். இரவு வேலைக்கான மேலதிகப் படியை நிறுத்தினேன். வங்கிக் கணக்கு நம்பர் இல்லாமல் ஆளைப் பதியமாட்டேன் என்று மெஷின் அடம்பிடித்தது. பொய் நம்பர் போட்டால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. எனக்குப் பாடமான உண்மை நம்பர் ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டேன்.

அச்சுப்பொறி கிர்ரென்று ஒரு பேஸ்லிப்பை, சம்பளச் சீட்டை, துப்பியது. குணரத்தினம். மொத்தம் ஆயிரத்து அறுநூறு. வரி முந்நூற்றெண்பது சொச்சம். கையில் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. திரும்பவும் உடுப்புப் போட்ட மாதிரி இருந்தது!

அன்று முதல் இரண்டு கிழமைக்கு ஒரு முறை எனக்கு நானே சம்பளம் போட்டேன். டெபியின் காசு வரும். பேஸ்லிப்பை அச்சடிப்பேன். அதில் கண்ட ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்தை மட்டும் வீட்டுச் செலவுக்கு எடுப்பேன். வரிக் காசையும் ஜி.எஸ்.டி.க் காசையும் வேறொரு கணக்கில் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே பயந்து திரிந்தேன். பேஸ்லிப்பை 'நேர்ஸ்' என்ற சொல் மறையும்படி மடித்து ரஞ்சினியிடம் கொடுப்பேன். அவள் அதை ஒரு ஃபைலில் குத்தி வைப்பாள். மாமனாருக்குப் பெர்மனன்ட் என்று கடிதமும் போயிற்று.

எவ்வளவோ முயன்றும் பேஸ்லிப்பிலிருந்து ஒரு வரியை மட்டும் என்னால் அழிக்க முடியவில்லை. நேர்ஸ்மாரின் ஒப்பந்தத்தில் இருந்தபடி மெஷின் அதைத் தானாகவே சேர்த்தது: ஸ்டாக்கிங் அலவன்ஸ், அதாவது நேர்ஸ்மாரின் நீளக் காலுறைக்கான படி, இரண்டு டாலர் ஐம்பது சதம்.

மூன்றாவது பேஸ்லிப்பில் ரஞ்சினி அதில் விரலை வைத்தாள். "இஞ்சேருங்கோ, இதென்ன ஸ்டாக்கிங்?"

"அது... கொம்பியூட்டர் அறை சரியான குளிர். காலுக்குப் போடக் குடுக்கிறாங்கள்."

"ஓ" என்றாள். அடுத்த நாள் என் கட்டிலில் இரண்டு சோடி கம்பளிச் சொக்ஸ் இருந்தன. எவ்வளவு அன்பான மனிசி என்று நெஞ்சு உருகிப் போய்விட்டேன்.

5. சேர்ந்து கிடந்த லீவு

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு வெட்கம்.

பேஸ்லிப்பின் அடியில் சேர்ந்த லீவு என்று ஒரு பெட்டி இருந்தது. ஒவ்வொரு முறையும் அரை நாளுக்குக் கொஞ்சம் கூடச் சேரும். நான்கு மாதத்தில் ஐந்து நாள் ஆகிவிட்டது. பள்ளி விடுமுறை வந்தது. ஐந்து நாள் லீவு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய் மீன் பொரியலும் சிப்ஸும் தின்று, மணலில் படுத்துக் கிடந்தேன். வந்து பார்த்தால் டெபி பாதிக் காசுதான் அனுப்பியிருக்கிறார்.

ஃபோன் பண்ணினேன். "ஒரு கிழமைச் சம்பளம் குறையுது."

"நீங்க ஒரு கிழமை வரேல்லையே?"

"அது லீவு. சேர்ந்து கிடந்தது."

"எங்கை சேர்ந்து கிடந்தது?"

பேஸ்லிப்பில் என்று சொல்ல வாயைத் திறந்து மூடினேன். நானே அச்சடித்த தாளை நானே நம்பியிருந்தேன். ஐந்து நாள் லீவு சேர்ந்தது நேர்ஸ் குணரத்தினத்துக்கு. மணலில் படுத்துக் கிடந்தது கொன்ட்ராக்டர் குணரத்தினம்.

அப்போதுதான் ஒரு தாளை எடுத்துச் சரியான கணக்கைப் போட்டேன். வருஷத்தில் வேலை நாள் இருநூற்று அறுபது. அரசாங்க விடுமுறை பதினொன்று: எனக்குக் காசில்லை. மூன்று கிழமை லீவு, பதினைந்து நாள்: காசில்லை. காய்ச்சல், தலையிடி, பிள்ளையின் வயிற்றுக்குத்து என்று ஐந்து நாள்: காசில்லை. மிச்சம் இருநூற்று இருபத்தொன்பது நாள். நூற்றறுபதால் பெருக்கினேன். முப்பத்தாறாயிரத்து அறுநூற்று நாற்பது.

பேப்பர் விளம்பரத்து நிரந்தரக்காரனுக்கு முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு. அவனைவிட எனக்குக் கூட வருவது வருஷத்துக்கு நூற்று நாற்பது டாலர். அவனுக்கு முதலாளி கட்டுகிற ஏ.சி.சி. பங்கை நான் கட்டினால் அந்த நூற்று நாற்பதும் போய், மேற்கொண்டு என் சட்டைப் பையிலிருந்தும் போகும். நான் பெருமையாக மூடிக்கொண்டிருந்த ஐயாயிரம் டாலர் உலகத்தில் எங்குமே இருக்கவில்லை.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் புதுச் சிஸ்டம் உண்மையாக ஓடத் தொடங்கியது. வெங்கட் ஏழாம் வார்ட் மாதிரியை டெஸ்ட் பகுதியிலிருந்து எடுத்து அசலுக்குள் போட்டார். அந்த மாதிரியோடு ஒட்டிக்கொண்டு நானும் போனேன். வேலைமுறைப் பட்டியலான ரோஸ்டரில் பெயர் இருந்தால் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் போகும்படி சிஸ்டத்தை அமைத்ததும் நான்தான். ஆட்கணக்குப் பார்த்தபோது ஓர் ஆள் கூட வந்தது. அதைப் பார்த்ததும் நான்தான். 'ரவுண்டிங் வித்தியாசம், ஒன்று' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். சதத்தை முழுதாக்கும்போது காசில் ரவுண்டிங் வரலாம், ஆளில் எப்படி வரும் என்று யோசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

புதன்கிழமை காசு விழுந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று பார்த்ததும், டெபிதான் கடைசியில் மனமிரங்கி, என்னையும் மனிசனாக்கி, வரியைக் கழித்துத் தந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேசரி கிண்டிய காரணம் அதுதான்.

6. சனி, ஞாயிறு, திங்கள்

வெள்ளி பின்னேரம் மவுண்ட் ஆல்பர்ட் ரயிலில் வீட்டுக்கு வரும்போது மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். வரும் வழியில்தான் கொன்ட்ராக்டர் ராஜினாமா செய்ய முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

ரஞ்சினிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நாட்கூலி, பொய் பேஸ்லிப், நேர்ஸ், ஒடிட். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"நான் வயசான ஆக்களின்ரை ரெஸ்ட் ஹோமிலையெல்லோ வேலை செய்யிறன். அங்கை நேர்ஸ்மாரின்ரை பேஸ்லிப்பிலை இதே ஸ்டாக்கிங் காசு வாறது. கொம்பியூட்டர் அறைக்குக் குளிராம்! எனக்கு விளங்காதெண்டு நினைச்சியளோ?"

"அப்ப அந்தச் சொக்ஸ்?"

"நக்கலுக்கு வாங்கினது. நீங்கள் கண் கலங்கினதைப் பாத்திட்டுப் பேசாமல் விட்டனான்."

சனிக்கிழமை முழுக்கக் காசோலை எழுதினேன், கிழித்தேன். எவ்வளவைத் திருப்பிக் கொடுப்பது? கையில் வந்த ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டா, மொத்தச் சம்பளமா? மிச்சத்தை ஆஸ்பத்திரி என் பெயரில் இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப எழுதி வைத்திருந்தது. கொன்ட்ராக்டரான பிறகு என் பெயரில் ஒழுங்காகக் கழிக்கப்பட்ட முதல் வரி அதுதான். அதற்கும் நான் நேர்ஸாக வேண்டியிருந்தது. ஸ்டாக்கிங் காசு இரண்டரை டாலரைத் தனிக் காசோலையாக எழுத வேண்டுமோ என்றுகூட ஒரு மணித்தியாலம் யோசித்தேன்.

ஞாயிறு பின்னேரம் ரஞ்சினி ஃபைலையும், நான் எட்டிப் பார்க்கப் பயந்த அந்த மற்றக் கணக்கின் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"இதுகளையும் கொண்டு போங்கோ. களவெடுக்கிறவன் தன்ரை காசிலை தானே வரி கழிச்சு வைப்பானோ எண்டு கேளுங்கோ. கேக்கப் பயமெண்டால் காட்டிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. அதை நல்லாச் செய்வியள்தானே."

திங்கள் பத்து மணிக்கு, நக்கல் சொக்ஸைப் போட்டுக்கொண்டு, மார்கரெட்டின் அறையில் உட்கார்ந்தேன். ஒடிட்காரர் உயரமான ஆள். சிரிப்பதற்கு முகத்தில் இடம் ஒதுக்காதவர்.

"இந்த ஆளை ஏன் உருவாக்கினீர்?"

ஒன்பது பேஸ்லிப்பையும், வங்கிப் புத்தகத்தையும், இருநூற்று இருபத்தொன்பது நாள் கணக்குப் போட்ட தாளையும் வரிசையாக வைத்தேன்.

"எனக்கு வாற காசிலை எவ்வளவு என்ரை எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது" என்றேன். "இப்படிச் செய்தால் மட்டும்தான் தெரிஞ்சுது."

மார்கரெட் ஸ்டாக்கிங் வரியை வாசித்தார். பிறகு லீவுக் கதையைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். ஒடிட்காரர் சிரிக்கவில்லை. என் கணக்குத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"இந்தப் பதினொரு நாளும்... விடுமுறைக்கும் காசு வராதெண்டுதானே கழிச்சிருக்கிறீர்?"

"ஓம்."

"காய்ச்சல் நாளையும்?"

"ஓம்."

அவர் கதவைப் பார்த்தார். மார்கரெட்டைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "இந்தத் தாளை நான் ஒரு கொப்பி எடுக்கலாமோ? நானும் டே ரேட்டிலைதான் இஞ்சை வாறன்."

தீர்ப்பு ஒரு பக்கத்தில் வந்தது. கையில் வந்த காசை அன்றே திருப்பிக் கட்டினேன். வரியை அடுத்த கணக்கில் ஆஸ்பத்திரி திருத்திக்கொண்டது. உண்மையான வங்கிக் கணக்கை இனி யாரும் டெஸ்ட் பகுதியில் போடக்கூடாது என்று ஒரு விதி எழுதப்பட்டது. களவு இல்லை, கவனக்குறைவு என்று முடித்திருந்தார்கள். கொன்ட்ராக்ட் தப்பியது. ஏழாம் வார்ட் சார்ஜ் நேர்ஸ் மட்டும் கொஞ்சம் ஏமாந்து போனாவாம், ஓர் ஆள் குறைந்துவிட்டதென்று.

வெங்கட் தேத்தண்ணி அறையில் பிடித்துக்கொண்டார். "சார், என் முதுகுல ஏறி உள்ள வந்துட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டே ஷிப்ட்ல போட்டிருப்பேனே."

7. சொக்ஸ்

இரண்டு மாதம் கழித்து கொன்ட்ராக்டைப் புதுப்பிக்க டெபி ஃபோன் பண்ணினார். இந்த முறை என் கையில் பேப்பர் விளம்பரம் இல்லை. அந்தத் தாள் இருந்தது. உண்மையாகவே எனக்கு வேண்டிய வருஷக் காசை எழுதி, அதோடு ஏ.சி.சி.யின் முதலாளி பங்கையும் கணக்காளரின் கூலியையும் கூட்டி, இருநூற்று இருபத்தொன்பதால் பிரித்து வைத்திருந்தேன். மிச்சம் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டேன்.

"நூற்றித் தொண்ணூறு" என்றேன். "ஜி.எஸ்.டி. புறம்பு."

மறுபக்கத்தில் சத்தமில்லை. பழைய சத்தமில்லாமைதான். ஆனால் இந்த முறை நானும் பேசாமல் இருந்தேன்.

"சரி" என்றார் டெபி. "ஏன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை எண்டுதான் நானும் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

அதன் பிறகு எத்தனையோ அரசாங்க அலுவலகங்களில் நாட்கூலிக்கு இருந்துவிட்டேன். வரி விகிதங்கள் மாறின, சட்டங்கள் மாறின, இன்றைக்கும் பாதி எனக்கு விளங்குவதில்லை. கொன்ட்ராக்டுக்குப் போகிற பிள்ளைகள் என்ன ரேட் கேட்கலாம் என்று என்னிடம் வந்தால், ரேட் சொல்வதில்லை. முதலில் உனக்கு நீயே ஒரு பேஸ்லிப் எழுது என்கிறேன். நிரந்தரக்காரனுக்கு முதலாளி கொடுக்கிற, கழிக்கிற ஒவ்வொன்றையும் அதில் தனித்தனியாகப் போடு: வரி, ஏ.சி.சி., விடுமுறை, லீவு, காய்ச்சல். ஜி.எஸ்.டி.யை அதற்குள் கொண்டு வராதே, அது உன் காசில்லை. எல்லாம் போட்ட பிறகு நாளுக்கு என்ன வருகிறதோ அதைக் கேள். காசு வந்தவுடன் அந்தத் தாளின்படி பிரித்து வை. தாளை நம்பலாம். அதில் சேர்ந்திருக்கிற லீவை மட்டும், காசைப் பக்கத்தில் வைக்காமல் நம்பிக் கடற்கரைக்குப் போய்விடாதே.

நானும் இன்றுவரை இரண்டு கிழமைக்கு ஒரு முறை எனக்குப் பேஸ்லிப் எழுதுகிறேன். வேலை இல்லாத நாளுக்கென்று ஒதுக்குகிற காசுக்கு அதில் ஒரு வரி உண்டு. இரண்டரை டாலரில் தொடங்கியது, இப்போது நல்ல தொகை. அந்த வரிக்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடந்த குளிர்காலம் நான் மூன்று கிழமை நெஞ்சுச் சளியோடு படுத்தபோது, கடைக்குப் போகக் காசு எடுக்க வந்த ரஞ்சினி ஃபைலைத் திறந்து கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, ஸ்டாக்கிங்கிலை இருந்து எடுக்கட்டோ?"

"எடும்" என்றேன், போர்வைக்குள்ளிருந்து. காலில் சொக்ஸ் இருந்தது.